ரிலீஸுக்கு மூன்று வாரம் இருக்கையில்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று வாரத்தில் மென்பொருள் ரிலீஸ், இரண்டே டெஸ்டர்கள், 400 டெஸ்ட் கேஸ்கள் (ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனைகள்). எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். 1இலிருந்து 400 வரை வரிசையாக மட்டும் ஓட்டாதே. நாள் போதாமல் போனால் விடுபடுவது எது என்பதை அந்த வரிசை எண்தான் முடிவு செய்யும்.

உடைந்தால் சேதம் பெரிதாகும் இடங்களைக் குறித்துக்கொள்: பணக் கணக்கு, தரவை அழிக்கும் இடம், உள்நுழைவு. இந்த முறை நிரல் மாறிய பகுதிகளையும் குறி. இரண்டிலும் வருபவை முதல் வாரத்துக்கு. திரையின் நிறம், ஓரம் எல்லாம் கடைசியில், நேரமில்லையென்றால் போகட்டும்.

1 முதல் 100 வரையான எண்ணை ஏற்கும் உள்ளீட்டுப் பெட்டியில் 50 போட்டுப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 0, 1, 100, 101, வெற்றிடம் போடு. தமிழ்ப் பெயரும் போடு. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘கொ’ என்பது 6 பைட்; கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால் 9. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடலில் ஒன்று மற்றொன்றுக்குச் சிக்காமல் போகலாம். பைட் கணக்கில் பெயரை வெட்டும் நிரலும் இங்கேதான் மாட்டும்.

தரவுத்தள மாற்றத்தை ஆயிரம் வரிசையில் ஓட்டிவிட்டு ‘பாஸ்’ போடாதே. அங்கே நொடியில் முடிவது, கோடி வரிசையில் டேபிளைப் பூட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கலாம். உண்மை அளவில் ஒரு நகல் எடு. தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிடு.

கடைசி ஐந்து நாள் நிரலைத் தொடக்கூடாது. தவிர்க்க முடியாமல் ஒரு பக்கை (நிரல் பிழையை) திருத்தினால் அது புது பில்ட், அதாவது நிரலிலிருந்து புதிதாக உருவாக்கிய தொகுப்பு. ஸ்மோக் டெஸ்ட் (முக்கிய வசதிகள் ஓடுகின்றனவா என்ற மேலோட்டச் சோதனை) முதலிலிருந்து, திருத்திய இடத்தைச் சுற்றி ரிக்ரஷனும் (முன்பு ஓடியது இப்போதும் ஓடுகிறதா என்ற மறுசோதனை). சோதித்த அதே பில்ட்தான் வெளியே போகவேண்டும். ‘சும்மா ஒருமுறை மறுபடி பில்ட் பண்ணினோம்’ என்பதில் ஒரு லைப்ரரியின் (நம் நிரல் பயன்படுத்தும் பிறர் நிரல் தொகுப்பின்) வேறு பதிப்பு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

சர்வரில் ஏற்றுவதையும் பின்வாங்குவதையும் ஒத்திகை பார். உன் திட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரல் ஏறவில்லை. அதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு பங்கு ஆர்டர்களை வாரி இறைத்தது. சரிசெய்வதாக நினைத்து மற்ற ஏழிலிருந்தும் புதியதை நீக்கினார்கள். அவையும் அதே தவறைச் செய்யத் தொடங்கின. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் அளவுக்கு நட்டம்.

எந்த நிலையில் ரிலீஸுக்குச் சம்மதம் என்பதையும் இன்றே எழுதி மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிவிடு: கடுமையான பக் பூஜ்யம், நடுத்தரமானவை ஐந்துக்குள், ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழியோடு. கடைசி நாள் மாலையில் எழுதினால், இருக்கிற பக்குகளுக்கு ஏற்றபடிதான் எழுதுவாய்.

குறித்த பட்டியலை அனுப்பு. ஒத்திகை எந்த நாள் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்