முனியம்மா என்ற பெயருக்கு என்ன குறை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுப்பது பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையில், "முனியம்மா, கருப்பாயி, பேச்சி போன்ற பெயர்கள் பிள்ளையின் தரத்தைக் குறைத்துக் காட்டும், நாளை பெரிய இடங்களில் பழக வேண்டிய குழந்தைக்கு நாகரிகமான பெயராகச் சூட்டுங்கள்" என்று ஒரு வரி இருந்தது. என் மகள் அதை எனக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். 'பேச்சி' என்ற இடத்தில் அவள் குரல் நின்றது. பிறகு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். என் பெயர் பேச்சியம்மாள்.

இது இந்த ஒரு வரியோடு முடிகிற வருத்தம் அன்று. தங்கள் இதழை நான் 40 ஆண்டுகளுக்கும் மேலாகப் படித்துவருகிறேன். அதில் வந்த சிறுகதைகளில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்கு முனியம்மா அல்லது அஞ்சலை என்பதைத் தவிர வேறு பெயர் அமைந்ததை அரிதாகவே கண்டிருக்கிறேன். வீட்டுக்காரிக்கு ஒருபோதும் அப்பெயர் வாய்த்ததில்லை. துணுக்குகளில் அறியாமையோடு பேசுகிறவர் எப்போதும் குப்புசாமியாகவோ மாடசாமியாகவோ இருந்தார். எழுதியவர்கள் வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பழக்கத்தில் கை எழுதிச் சென்றது. படித்தவர்கள் மனத்தில் அது படிந்துவிட்டது.

பெயர் எப்படித் 'தரம்' பெறுகிறது என்பதை நான் எட்டு வயதில் தெரிந்துகொண்டேன். என் அம்மாவின் பெயர் சரஸ்வதி. அவர் வீட்டுவேலை செய்த இடத்தில் ஒருநாள் மாலை அவரை அழைத்துவரப் போய், வாசலில் நின்று "சரஸ்வதி அம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன். பட்டுச் சேலை உடுத்திய ஒரு முதிய பெண்மணி வெளியே வந்து, "நான்தான் சரஸ்வதி, நீ யாரு?" என்றார். அதற்குள் கொல்லைப்புறத்திலிருந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அம்மா ஓடிவந்தார். திரும்பி வரும் வழியில், "அங்க வந்தா முனியம்மா இருக்காங்களான்னு கேளு" என்று மட்டும் சொன்னார். வீட்டு மூத்தவர் பெயரை வேலைக்காரியும் வைத்திருப்பது சரிப்படாது என்று முதல் நாளே பெயரை மாற்றிவிட்டார்களாம். பதினொரு ஆண்டுகள் அந்த வீட்டில் என் அம்மா முனியம்மாவாகவே இருந்தார். கல்விக்குரிய தெய்வத்தின் பெயரையே வைத்திருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை என்பதால், நல்ல பெயராக வைத்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்ற அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை.

பின்னர் 34 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். 1981இல் நான் முதன்முதலாகக் கையில் எடுத்த வருகைப் பதிவேட்டில் மாரியப்பன், கருப்பசாமி, இசக்கியம்மாள் என்றே பாதி வகுப்பு இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சிலர் மட்டும் ரமேஷ், சுரேஷ் என்றிருந்தனர். சில ஆண்டுகளில் கூலிவேலை செய்வோரும் தம் பிள்ளைகளுக்கு ஆசை ஆசையாக அப்பெயர்களையே வைத்தார்கள். உடனே வசதியுள்ளோர் அவற்றைக் கைவிட்டு வேறு பெயர்களுக்குப் போய்விட்டனர். 2015இல் நான் ஓய்வு பெற்றபோது 'ஷ'வோ 'ஜ'வோ 'ஹ'வோ இல்லாத பெயர் வகுப்புக்கு நான்கைந்துதான் தேறியது. இன்று தாங்கள் பட்டியலிடும் நாகரிகப் பெயர்களை ஏழை வீட்டுக் குழந்தைகள் சூடிக்கொண்டால், பத்தாண்டு கழித்து அவையும் 'தவிர்க்க வேண்டிய' பட்டியலில்தான் இருக்கும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் காலத்தில் ஒரு மாணவி என் மேசையருகே வந்து, நான்காக மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். அதில் 'கிருபா' என்று மிக அழகாக எழுதியிருந்தாள். அவள் பெயர் கருப்பாயி. முறைப்படி அரசிதழில் வெளியிட்டுத்தான் பெயரை மாற்ற முடியும் என்று விளக்கினேன். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் கொள்கைப் பற்றினால் நிகழ்ந்தவை. அந்தப் பெண் தன் பெயரை மாற்ற விரும்பியது வெட்கத்தால். அந்த வெட்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று எண்ணிப்பார்க்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயத்தில் 31ஆம் சுலோகம், பிராமணனின் பெயர் மங்கலத்தையும் சத்திரியனின் பெயர் வலிமையையும் வைசியனின் பெயர் செல்வத்தையும் குறிக்க வேண்டும் என்றும், சூத்திரனின் பெயர் இழிவானதாக இருக்க வேண்டும் என்றும் விதிப்பது தாங்கள் அறியாததன்று. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்த மரபு நம்முடையது என்பதும் தங்களுக்குத் தெரியும். பெயருக்குப் பின்னே இருந்த பட்டத்தை விட்டுவிட்டு, பெயருக்குள்ளேயே உயர்வு தாழ்வு தேடுவது நியாயமா?

பெயரைப் பார்த்து வேலை மறுக்கப்படுவது உண்மைதான். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையர்க்குரிய பெயர் இருந்தால் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர்க்குரிய பெயர் இருந்தால் 15 விண்ணப்பத்துக்கு ஒன்றுதான். தகுதி ஒன்றே, பெயர் மட்டுமே வேறு. குற்றம் விண்ணப்பத்தைப் படித்தவரிடம் இருந்தது. தங்கள் கட்டுரையோ அதைக் குழந்தையைப் பெற்றவர்கள் தலையில் சுமத்துகிறது.

மாற்ற வேண்டிய பெயர்களும் உண்டு. ஆண் குழந்தைக்கு ஏங்கிப் பெண் பிள்ளைகளுக்கு 'போதும்பொண்ணு' என்று வைத்தது கொடுமை. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டு, வேண்டாதவள் என்று பொருள்படும் 'நகுசா' என்ற பெயரைச் சுமந்த 285 சிறுமியர்க்கு விழா எடுத்து வேறு பெயர் சூட்டியதைப் படித்து நான் மகிழ்ந்தேன். ஆனால் குப்பன், குப்பம்மாள், பிச்சை போன்ற பெயர்களின் கதை வேறு. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், இதையாவது எமன் பொருட்படுத்தாமல் விட்டுவிடட்டும் என்று குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து வைத்த பெயர் அது. அதைக் கேட்டுச் சிரிப்பதற்கு நமக்கு எப்படி மனம் வருகிறது?

ஆகவே, வரும் இதழில் அந்த வரிக்கு ஒரு சிறு வருத்தமாவது வெளியிட வேண்டும் என்றும், அடுத்த முறை பெயர்ப் பட்டியல் தரும்போது முனியம்மாவும் பேச்சியும் கருப்பாயியும் அவற்றின் பொருளோடு அதில் இடம்பெற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

என் பேத்திக்கு இப்போது எட்டு மாதம். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏறவில்லை. ஓராண்டுக்குள் என்றால் கட்டணமில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். என் பெயரை வைப்பதாகத்தான் மகள் முதலில் சொல்லியிருந்தாள். தங்கள் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
பேச்சியம்மாள்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை