உப்புத் தண்ணீருக்கு எந்தப் பயறு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நொய்யல் கரையோரம் போர்த்தண்ணீர் உப்பேறிப்போன காடுகளுக்கு, "பயறு விதையுங்கள், மண்ணும் தேறும்" என்று பொதுவாக யோசனை சொல்கிறார்கள். எந்தப் பயறு என்று சொல்லாமல் விடுவதில்தான் விவசாயிக்கு நட்டம் தொடங்குகிறது.

மண்ணின் உப்பை ஈ.சி. (மின்கடத்துதிறன், மீட்டருக்கு டெசிசீமன்ஸ் கணக்கில்) என்ற அளவில் குறிக்கிறோம். மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழம்பாக்கி, அதிலிருந்து பிரித்த சாற்றைச் சோதிக்கும் நிறைவுச் சாற்று முறையில் அளந்தால், பீன்ஸ் 1.0 தாண்டியதுமே விளைச்சலில் குறையும். பச்சைப்பயறு 1.8 வரைக்கும், நிலக்கடலை 3.2 வரைக்கும், தட்டைப்பயறு 4.9 வரைக்கும் தாங்கும். கொத்தவரை 8.8 வரை நிற்கும். கடலையிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எல்லை தாண்டிவிட்டால் ஈ.சி. ஒன்று கூடும்போதெல்லாம் 29 சதவீதம் விளைச்சல் போய்விடும். தட்டைப்பயறில் இந்த இழப்பு 12 சதவீதம்தான்.

மண் பரிசோதனை அட்டையில் வருவது பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளந்த ஈ.சி. தண்ணீர் கூடுதல் என்பதால் உப்பு நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். அட்டையில் 1 என்றிருந்தால் நிறைவுச் சாற்றில் அது பல மடங்கு இருக்கும், மணல் வாகான மண்ணில் இன்னும் அதிகம். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பச்சைப்பயறு போட்டால் முளைப்பே சோடை போகும்.

செடி பச்சையாக நின்றாலும் வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். செடிக்கு முன்பே உப்பு அடிப்பது, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சைத்தான். முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது தழைச்சத்தைச் சேர்க்கவில்லை. மண் தேறும் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

தண்ணீரைக் கையடக்க டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்த உப்பு, லிட்டருக்கு மில்லிகிராம்) மீட்டரில் பார்க்கலாம். கடலைக்குச் சுமார் 1,350, தட்டைப்பயறுக்குச் சுமார் 2,100 வரை பாதகமில்லை. 2,000 உள்ள தண்ணீரை ஏக்கருக்கு இரண்டு அங்குலம் கட்டினால், ஒரே பாய்ச்சலில் 400 கிலோ உப்பு காட்டுக்குள் வந்துவிடும். ஆகவே நல்ல மழைக்குப் பின் வரப்பை உயர்த்தி நீரை நிறுத்தி, உப்பைக் கீழே இறக்கிவிட்டு விதைப்பது நல்லது.

பார் பிடித்தால் விதையை உச்சியில் ஊன்றக் கூடாது, ஈரம் ஏறி ஆவியாகி உப்பெல்லாம் அங்கேதான் படியும். பக்கச் சரிவில் ஊன்றுங்கள். சொட்டுநீர் போட்டிருந்தால், காய்ந்த நாளுக்குப் பின் தூறல் விழும்போது வால்வை மூடாதீர்கள். ஈரவட்டத்தின் ஓரத்தில் சேர்ந்த உப்பைச் சிறுமழை வேருக்கே தள்ளிவிடும். சாம்பல் சத்துக்கு மியூரியேட் பொட்டாஷில் குளோரைடு இருப்பதால் சல்பேட் பொட்டாஷ் பாதுகாப்பு. ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்து, கரையும் உப்பு மட்டும் மிகுந்த உவர் மண்ணில் அதுவும் இன்னொரு உப்புதான்.

மண் பரிசோதனை நிலையங்கள் ஈ.சி.க்குப் பக்கத்திலேயே எந்த முறையில் அளந்தது என்று அட்டையில் அச்சிட வேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் கூடவே சோதித்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், காங்கயம்