மூணு கியர் சைக்கிளைச் சுவரில் மாட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய சாமான்களால் அலங்கரித்த ஓட்டல்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தில் ஒரு சைக்கிளுக்குத் தங்கக் கலர் பெயின்ட் அடித்து, கேரியரில் பூந்தொட்டி வைத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பின்சக்கரத்தின் நடுவிலுள்ள தடித்த ஹப்பையும், அச்சுக்குள்ளிருந்து வரும் பொடிச் சங்கிலியையும் பார்த்ததும் வயிறு எரிந்தது. அது ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூணு கியர் ஹப். பாபநாசம் மில்லில் பிட்டராக இருந்த எனக்கு அது தெரியாமல் போகுமா?

இங்கிலாந்தில் நாட்டிங்காமில் செய்தது. இதில் ஏ.டபிள்யூ. என்ற மாடல் 1936-ல் வந்தது. ஹப்பின் மேலுள்ள அழுக்கைத் துடைத்தால் செய்த வருஷமும் மாதமும் பொறித்திருக்கும். என் வண்டியில் 55, 8, அதாவது 1955 ஆகஸ்ட். கியர் முழுக்க ஹப்புக்குள் எண்ணெயில் கிடப்பதால் தூசியும் மழையும் அண்டாது. இரண்டாவது கியர் சாதாரண சைக்கிள் மாதிரி நேர் ஓட்டம். ஒன்றாவது கியரில் ஒரு மிதிக்குப் போகிற தூரம் கால்வாசி குறையும், மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

தரையாகக் கிடக்கிற நம்ம ஊருக்குக் கியர் எதற்கு என்பார்கள். ஆனி, ஆடியில் அடிக்கிற மேகாத்தில், அதாவது மேற்குக் காற்றில், அம்பையிலிருந்து மேற்கே வி.கே.புரத்துக்கு (விக்கிரமசிங்கபுரம்) மிதித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். போகும்போது ஒன்று, திரும்பும்போது மூன்று. காற்று முதுகில் தள்ள, மூன்றில் போட்டுவிட்டால் டவுன் பஸ்ஸைப் பார்த்துச் சிரிக்கலாம்.

சாமான் கிடைக்காது என்பது இன்னொரு சாக்கு. ராடு பிரேக் வைத்த ராலே, ஹெர்குலிஸ் வண்டிகளுக்கு 28-க்கு 1½ இஞ்ச் டயர். வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தேடி இந்திய டயரை வரவழைக்கிறார்கள். நமக்கு முக்குக் கடையில் இருக்கிறது. பின்னால் 40 போக்ஸ் கம்பி, முன்னால் 32 என்ற கணக்கும் நம் கறுப்பு சைக்கிளுக்கு அதேதான். ராலேயில், பெடல் அச்சைத் தாங்கும் பிராக்கெட் கப்பின் மரை மட்டும் தனி, இந்தியக் கப் ஏறாது. பழையதைப் பத்திரமாகக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போடுங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் 2000-ல் தைவானின் சன்ரேஸ் கம்பெனி கைக்குப் போய், மூணு கியர் ஹப் இன்றும் அங்கே தயாராகிறது.

பல வருஷம் கிடந்த வண்டியில் கியர் பிடிக்கவில்லை என்றால் உடனே ஹப்பைப் பிரிக்க வேண்டாம். எண்ணெய் காய்ந்து பிசினாகி, உள்ளே பல்லில் விழும் சின்ன நாக்குகள் ஒட்டியிருக்கும். எண்ணெய்த் துளையில் சீமெண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றி, ஒரு ராத்திரி விட்டு வடித்துவிட்டு, லேசான மிஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். இரண்டிலும் மூன்றிலும் டிக் டிக் என்று கேட்டால் பயப்படாதீர்கள், அது அப்படித்தான்.

அப்புறம் கியர் மாற்றும் அந்தப் பொடிச் சங்கிலி. கியர் லிவரை இரண்டில் வைத்து, வலப்பக்க நட்டிலுள்ள ஓட்டை வழியே பாருங்கள். சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள், அச்சின் நுனிக்குச் சரியாக நிற்க வேண்டும். தவறினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதிலும் மாட்டாமல் பெடல் சும்மா சுற்றும். எழுந்து நின்று மிதிக்கிறவர் நேராகப் பாரில் விழுவார். எப்படி இருக்கும் என்று ஆண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெயின்ட் அடிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. கறுப்பு எனாமலும் அதன் மேல் ஓடும் தங்கக் கோடும் ஒருமுறை போனால் போனதுதான். துரு ஏறியிருந்தாலும் துணியும் எண்ணெயும் போதும்.

கல்லிடை, சேரன்மாதேவிப் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது இந்த வண்டிகள் எடைக்குப் போகின்றன. ஃபிரேம் இற்றுப்போயிருந்தால் போடுங்கள், ஹப்பைக் கழற்றிக்கொண்டு போடுங்கள். எந்தக் கறுப்பு சைக்கிளின் பின் ரிம்மிலும் கோத்துவிடலாம். லிவரையும் சங்கிலியையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். சங்கிலி இல்லாத ஹப் மூன்றாவது கியரிலேயே நிற்கும், ஆடி மாதம் அதை மேற்கே மிதிக்க ஆள் கிடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் பிட்டர்,
அம்பாசமுத்திரம்