ராஜா பாட்டுக்கென்று ஒரு குழு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. இளையராஜா பாட்டுக்கென்றே குழு தொடங்கப்போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

பாடகர்கள் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள் என்கிறாய். நல்லது, ஆனால் அவர்களை வைத்து ஆரம்பிக்காதே. கல்யாணக் கச்சேரிக்குப் பல்லவி போதும். ராஜாவுக்காகவே வருகிறவன் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இசைக்கு, அந்த இன்டர்லூடுக்குக் காத்திருப்பான். ‘இளைய நிலா’வில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரில் ஒரு நோட்டு விட்டுப்போனாலும் அவனுக்குத் தெரியும். அதைக் கீபோர்டில் கிட்டார் டோன் வைத்து ஒப்பேற்ற வேண்டாம். கம்பியைச் சுண்டினால் அந்த ஸ்வரம் மெல்ல அடங்கும்போதே அடுத்தது அதன்மேல் வந்து விழும். அந்தக் கசிவுதான் பாட்டே.

முதலில், தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கிற பேஸ் கிட்டாருக்கு நல்ல ஆளைப் பிடி. ராஜாவின் பேஸ் சும்மா துணைக்கு நிற்காது, தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கும். நோட்ஸ் எடுக்கும்போதும் முதலில் பேஸ், பிறகு ரிதம், அப்புறம்தான் ஸ்ட்ரிங்ஸ். பாதி வேகத்தில் ஓட்டி, ஹெட்போனில் ஒரு காது மாற்றி ஒரு காது கேட்டு எழுதினால் ஒரு பாட்டுக்கு 6, 7 மணி நேரம் பிடிக்கும். இன்னொன்று: பழைய டேப் பதிவுகள் பல, வாத்தியங்களைச் சேர்க்கிற 440 ஹெர்ட்ஸ் பொதுச் சுருதியில் சரியாக நிற்காது, கால் கட்டை ஏறியோ இறங்கியோ இருக்கும். சாஃப்ட்வேரில் சுருதியைச் சரிசெய்த பிறகே எல்லோருக்கும் அனுப்பு. இல்லாவிட்டால் ஒருவர் மேல் ஸ்வரத்தையும் மற்றவர் கீழ் ஸ்வரத்தையும் எழுதிவருவார்கள், ஒத்திகை முழுக்கச் சண்டைதான்.

வயலின் 2 வேண்டாம். இரண்டு பேர் ஒரே வரியை வாசித்தால் மயிரிழை சுருதி பேதமும் அலையடித்துக் கேட்கும். மூன்றாவது ஆள் சேர்ந்தால் அது கலந்துவிடும். பணம் இருந்தால் 3, இல்லாவிட்டால் 1 வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீபோர்டுக்குக் கொடு. ஆனால் கீபோர்டின் தாழ்ந்த ஸ்தாயிச் சத்தத்தை மிக்சரில் வெட்டிவிடச் சொல். அதைத் திறந்துவிட்டால் பேஸ் மூழ்கிப்போகும்.

பாட்டு வரிசையைச் சுருதி பார்த்துப் போடு. மேடையில் தபேலாவைச் சுத்தியால் தட்டிச் சேர்க்கிற 2 நிமிடத்தில் கூட்டம் பேச ஆரம்பித்துவிடும். ஒரே சுருதிப் பாட்டுகளை 3, 4 ஆகச் சேர்த்து வை. புல்லாங்குழல்காரருக்குச் சுருதிப் பட்டியல் ஒரு வாரம் முன்பே போக வேண்டும். எந்தெந்தக் குழலை எடுத்துவருவது என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

முதல் நிகழ்ச்சியைக் கல்யாண மண்டபத்தில் வைக்காதே. அங்கே எதிரொலியில் இன்டர்லூடு கரைந்துபோகும், பந்தி வேறு நடந்துகொண்டிருக்கும். 150 பேர் உட்காரும் சின்ன அரங்கு, 12 பாட்டு, ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். மிக்சரிலிருந்து நேராக ஒலியை எடு, கைதட்டலுக்கு அரங்கில் தனியாக ஒரு மைக் வை. பல்லவி பாடுகிற வீடியோ இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது. நீ ஒரு இன்டர்லூடை மட்டும், வாசிக்கிறவரின் விரல் தெரிய, ஒரு நிமிடத்துக்கு வெட்டிப் போடு. அதைக் கேட்டு அடையாளம் கண்டுகொள்கிறவர்கள்தான் அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்குவார்கள்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். அனுமதியில்லாமல் தன் பாட்டுகளை மேடையில் பாடக்கூடாது என்று 2017-இல் எஸ்.பி.பி.க்கே ராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். கல்யாண விழாவில் வாசிப்பதற்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது, டிக்கெட் போட்ட அரங்குக்கு அது பொருந்தாது. தேதி குறிப்பதற்கு முன்பே அனுமதியை எழுத்தில் வாங்கிவிடு. கரோக்கி டிராக் ஓட்டுவதானால் அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை வேண்டும். ஆள் வைத்து வாசித்தால் அந்தத் தொல்லை இல்லை, அழகும் அதுதான்.

12 பாட்டுப் பட்டியலை அனுப்பு. பேஸ் நோட்ஸை ஒருமுறை பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்