தேடத் தெரியாதவள் அல்ல என் மகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையில் ஒரு வரி. பல்கலைக்கழக இணையதளங்களில் எல்லாத் தகவலும் இருக்கிறது, மாணவர்களுக்குத்தான் தேடிப் படிக்கப் பொறுமை இல்லை என்று. அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. 20 வருடங்களாக உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் மகள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கடைசி நாள் எது என்ற ஒரே ஒரு விவரம்தான் தேவை. மூன்று நாள் சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். முகப்பில் பட்டமளிப்பு விழாப் படங்கள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. 'தேர்வுகள்' என்பதைத் தொட்டால் தேர்வுத் துறையின் வரலாறு வந்தது. அதிலிருந்த ஒரு இணைப்பு வேறொரு தளத்துக்குக் கொண்டுபோனது, அங்கே மெனுவே வேறு. திரும்பலாம் என்றால் அது புதிய டேபில் திறந்திருக்கிறது, பின்னால் போகும் பொத்தான் வேலை செய்யவில்லை. மேலே இருந்த சின்னத்தைத் தொட்டால் முகப்புக்குப் போகும் என்று நினைத்தோம். அது அந்தத் துறையின் முகப்புக்குப் போனது. அப்புறம் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினோம் என்பதே மறந்துவிட்டது. மூன்றாம் நாள், 'சுற்றறிக்கைகள்' என்ற தலைப்பின் கீழ், வெறும் கோப்பு எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு பிடிஎஃப்பில் அது கிடைத்தது. கெடு முந்தின நாளே முடிந்திருந்தது.

"நான்தான் சரியாத் தேடலையாம்மா?" என்று கேட்டாள். உங்கள் கட்டுரை அதற்கு 'ஆமாம்' என்று பதில் சொல்லிவிட்டது.

நான் 26 வருடங்கள் நூலகத்தில் புத்தகங்களை வகைப்படுத்தும் வேலை பார்த்தவள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்குத் தந்த ஐந்து விதிகள் நீங்கள் அறியாதவை அல்ல. நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. புத்தகம் கிடைக்கவில்லை என்று ஒருவர் வந்தால், அட்டவணையில் தப்பா, அடுக்கில் இடம் மாறிவிட்டதா என்று நாங்கள்தான் போய்ப் பார்ப்போம். வாசகர் தன் வாயில் வரும் சொல்லோடுதான் வருவார், நாங்கள் வைத்திருக்கும் தலைப்பு வேறாக இருக்கும். அதற்காகவே அவர் சொல்லின் கீழ் 'இந்தத் தலைப்பைக் காண்க' என்று ஒரு குறிப்பு அட்டை எழுதி வைப்போம். இந்தத் தளங்களில் அந்த அட்டை இல்லை. மாணவர் 'மறுமதிப்பீடு' என்று தேடுகிறார். தளமோ எந்த அலுவலகத்தின் கீழ் எந்தப் பிரிவு என்ற வரிசையில் கட்டப்பட்டிருக்கிறது. எந்த மேசையில் எந்தக் கோப்பு இருக்கும் என்பது உள்ளே வேலை பார்ப்பவருக்குத் தெரியும், சேர்ந்து ஆறு மாதமான பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இப்படித் திசை தெரியாமல் போவது யாரும் முன்பு காணாத விஷயமும் இல்லை. இணையம் வீடுகளுக்கு வரும் முன்பே, 1987-இல், ஜெஃப் காங்க்ளின் என்ற ஆய்வாளர் இணைப்புகளைத் தொட்டுப் பக்கம் பக்கமாகப் போகும் எழுத்தின் (ஹைபர்டெக்ஸ்ட்) இரண்டு பெரிய சிக்கல்களில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார். படிப்பவருக்குத் தான் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்பது தவறிவிடும் என்றார். மெனு எல்லாப் பக்கங்களிலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், ஒரு பக்கத்தை அடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும் என்று இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்காக வெளியிட்ட அணுகல் வழிகாட்டி 2008-லேயே சொல்லிவிட்டது. அப்படியிருக்க, பொறுமை இல்லை என்று மாணவர்களை எப்படிச் சொல்ல மனம் வந்தது?

எங்கள் நூலகத்துக்குப் பார்வையற்ற மாணவர் ஒருவர் வருவார். திரையை வாசிக்கும் மென்பொருள் இணைப்புகளை வரிசையாகப் படிக்கும்போது 'இங்கே சொடுக்கவும்', 'இங்கே சொடுக்கவும்' என்றே கேட்கிறது, எந்த 'இங்கே' என்று தெரியவில்லை என்றார். அறிவிப்பைக் காகிதத்தில் கையெழுத்திட்டு, அதைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள். அந்த மென்பொருளுக்கு அது எழுத்தே இல்லை, தளத்தின் தேடல் பெட்டிக்கும் அப்படித்தான். அவருக்காக நான் முக்கியமான பக்கங்களின் முகவரிகளை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். தளத்தைப் புதுப்பித்தார்கள், அத்தனை முகவரியும் 'பக்கம் இல்லை' என்று 404 காட்ட ஆரம்பித்துவிட்டது. முதல் பக்கத்தில் 'புதியது' என்று மின்னுவதில் பாதி பழைய அறிவிப்பு. போன் செய்தால் தளத்தைப் பாருங்கள் என்கிறார்கள். விசாரணைக்கு இருந்த கவுண்டரையும் தளம் வந்ததும் மூடிவிட்டார்கள். இதையெல்லாம் மூன்று வருடங்களுக்கு முன்பே உங்களுக்கு எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கலாம். இருந்தாலும் இந்த வரியைப் படித்தபோது அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது, வருத்தமாக இருந்தது.

பல்கலைக்கழகங்களை உங்களால் மாற்ற முடியாது என்பது தெரியும். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன். தேர்வு, சேர்க்கை அறிவிப்புகளை 'மேலும் விவரங்களுக்கு இணையதளத்தைப் பார்க்கவும்' என்று முடிக்காதீர்கள். எந்தத் தலைப்பின் கீழ், எந்தப் பக்கத்தில் என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் நிருபர் ஒருமுறை போனில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தால் போதும். கடைசித் தேதியையும் கூடவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்