கவினுக்கு ராஜராஜன் உடை

அன்புள்ள சரோஜா,

ரொம்ப நாளாகக் கடிதம் இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வை. இங்கே எல்லாரும் சௌக்கியம். பங்கஜம் டீச்சருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது; மறுபடியும் எல்லாரும் தைக்கிற பொத்தான் காஜாவிலும் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பள்ளி ஆண்டு விழாவில் கவின் ராஜராஜன் வேஷம் போடுகிறான், வாடகைக்குச் சொல்லியாச்சு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாயே, நியாயமா? ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவள் பேரனுக்கு வாடகைத் துணியா? வெல்வெட் கோட்டும் சம்கியும் நாடகக் கம்பெனி ராஜாவுக்குச் சரி. தஞ்சாவூர் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தாரே, அதில் ராஜராஜனும் அவன் குரு கருவூர்த் தேவரும் என்று சொல்கிற இருவரைப் பார். மேலே சட்டை கிடையாது. தலையில் கிரீடமும் கிடையாது, தூக்கி முடிந்த கொண்டைதான். அரண்மனைக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளில் இடுப்புத் துணியை உற்றுக் கவனி. உடம்போடு ஒட்டிய வேட்டி, அதன்மேல் தொடையில் வளைந்து தொங்கும் கச்சை, வயிற்றுக்கு மேலே உதரபந்தம் என்கிற பட்டை. நமக்கு இவ்வளவு போதும்.

துணிக்குக் கடைக்கு அலையாதே. அண்ணாவின் பழைய நாலு முழ வேட்டி ஒன்று எடு. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், இனிச் சுருங்காது, கரையும் கீழ்விளிம்பில் தானாக வந்து உட்காரும். வெளுக்காத புதுக் காடாத் துணிதான் என்றால் 44 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர். ராத்திரி முழுக்க ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்திரி படணும்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு இடுப்பு 22 அங்குலம், புட்டம் 25 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். முன்பக்கம் பட்டையாக 11 அங்குலம், பின்பக்கம் சுருக்கத்துக்கு 17, நடுக் கொசுவத்துக்கு 27, தையலுக்கு 2. ஆக 57 அங்குல நீளம். உயரம் 20: முட்டிக்குச் சற்றுக் கீழே நிற்கும், நேஃபாவும் (எலாஸ்டிக் கோக்கிற இடுப்பு மடிப்பு) கீழ் மடிப்பும் அதிலேயே அடக்கம். கணுக்கால்வரை இறக்காதே, மேடைப் படியில் மிதித்து விழுவான். கொசுவம் ஒன்றரை அங்குல அகலத்தில் ஒன்பது. ஒவ்வொன்றும் மூன்று அங்குலத் துணி தின்னும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இஸ்திரி போட்டு, மேலிருந்து மூன்று அங்குலம் வரை தைத்து விடு. இரு தலைப்பையும் சேர்க்கிற தையல் கொசுவத்துக்குள் மறையட்டும். இடுப்பிலிருந்து ஒரு சாண் கீழே, உள்பக்கமாக ஒரு நாடா வைத்து ஒவ்வொரு மடிப்பின் பின்முனையை மட்டும் கையால் பிடித்துத் தை. மடிப்பு முழுவதையும் சேர்த்துப் பிடித்தால் பலகை மாதிரி விறைத்து நிற்கும். கஞ்சியும் அதிகம் வேண்டாம்.

எலாஸ்டிக் பின்பாதிக்கு மட்டும், 9 அங்குலம். சுற்றிலும் போட்டால் கொசுவம் சுருண்டு தொப்பை போடும். மீதித் துணியில் உள் டவுசர் வெட்டி, அதே பட்டியில் சேர்த்துத் தைத்துவிடு. அவசரம் வந்தால் அவனே ஒரே இழுப்பில் இறக்கி ஏற்றிக்கொள்வான். ஊக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கச்சைக்கு உன் அரக்குக் கலர் பருத்திப் புடவை இருக்கிறதே, அதுதான். (ஆமாம், அந்தப் புடவையேதான். இனியாவது பெட்டியிலிருந்து வெளியே வரட்டும்!) ஆறு அங்குலப் பட்டைகளைக் கிராஸாக, அதாவது இழைக்குக் குறுக்கே சாய்வாக, வெட்டு. நேர் இழையில் வெட்டினால் வளையாது, தொடையில் முறைத்துக்கொண்டு நிற்கும். கிராஸ் துணிதான் தன் எடையில் தொய்ந்து அழகாக வளையும். 12 அங்குலத்தில் ஒன்று, 15-ல் ஒன்று. இரண்டின் முனைகளையும் இடுப்புப் பட்டியில் ஆறு அங்குல இடைவெளியில் பிடித்தால் மாலை மாதிரி ஒன்றின் கீழ் ஒன்று தொங்கும்.

உதரபந்தத்துக்கு ஒன்றரை அங்குலக் கேன்வாஸ், மேலே பழைய ஜரிகைக் கரை. ஜரிகை உடம்பை அறுக்கும், உள்ளே பனியன் துணி வை. முதுகில் வெல்க்ரோ, சொரசொரப்பானதை அடிப்பட்டையில் வெளிப்பக்கம் பார்க்கத் தை, மெத்தென்றது மேல் பட்டையில். மாற்றித் தைத்தால் பிள்ளை மேடையில் முதுகைச் சொறிவான். அங்கவஸ்திரத்தின் இரு முனையையும் இந்தப் பட்டையிலேயே முன்னும் பின்னும் பிடித்துவிட்டால் தோளிலிருந்து நழுவாது. பள்ளியில் வெற்றுடம்பு கூடாது என்றால் அதையே அகலமாகப் போர்த்தி விடு. தோல் நிறப் பனியன் மட்டும் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். கொண்டைக்குக் கறுப்பு டி-சர்ட்டில் குல்லா, தலைச்சுற்றளவைவிட ஒன்றரை அங்குலம் குறைத்து. உச்சியில் வெட்டுத்துணி அடைத்த உருண்டை.

இப்போது விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன். அந்த வாடகை உடை பாலியெஸ்டர் சாட்டின். விழா என்றால் மேடையில் குத்துவிளக்கு எரியும், பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் ஓடும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எந்தத் துணியானாலும் முனை பறக்கக் கூடாது. அங்கவஸ்திரத்தைத் தைத்துப் பிடிக்கச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். கவினை விளக்கு ஏற்றச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வாடகைக்கு முன்பணம் போனால் போகட்டும். அவனை நிற்கவைத்து இடுப்பு, புட்டம், இடுப்பிலிருந்து முட்டி, தலைச்சுற்று நான்கையும் அளந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. வெறும் வயிற்றில் அளக்காதே, சாப்பிட்ட பிறகு அள. உன் மிஷின் காடாவில் தையல் விடுகிறது என்றாயே, 14 நம்பர் ஊசி மாற்றிப் பார்.

அன்புடன்,
மீனாட்சி