அத்தைக்கு, மூன்று வருடம் கழித்து

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று அக்டோபர் 31. ஊருக்கெல்லாம் அது 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியான நாள். அதற்காகத்தான் அதில் நடித்த டி. பி. ராஜலட்சுமியைப் பற்றிய என் நாடகத்தை அன்றைக்கு வைத்தேன். நமக்கு அது நீங்கள் என்னோடு பேச்சை நிறுத்திய நாள்.

போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மாவிடம் கொடுத்தனுப்பிய இரண்டு கடிதங்களும் பிரிக்காமலே அலமாரியில் இருப்பதாகக் கேள்வி. இங்கே எழுதினால் யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று எழுதுகிறேன். பெரியப்பா வீட்டிலும் படிப்பார்கள், அந்த இன்னொரு ஊரிலும் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் சிலவற்றைப் பேர் சொல்லாமல் விடுகிறேன். உங்களுக்குப் புரியும்.

திருப்பித் திருப்பி எனக்கு வருவது ஒரே காட்சிதான். மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலி. நீலக் கரை போட்ட அந்தச் சுங்குடிச் சேலை. மேடையில் சின்ன ராஜலட்சுமி புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வருகிறாள், கையில் துண்டில் சுற்றிய அந்தப் பொருள். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன், ஒரு தடவை ஊரறியக் காட்டியது போதும். நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். குனிந்து காலால் செருப்பைத் தேடினீர்கள். இருட்டில் ஒன்று கிடைக்கவில்லை. அதைத் தேடி எடுத்து, மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் கொஞ்சம் வழி கேட்டு, நடந்து போய்விட்டீர்கள். கோபமாக எழுந்து போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்தச் செருப்பைத் தேடிய நிதானம்தான் இன்னும் தூங்க விடவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை. ஆனால் ஏன் செய்தேன் என்றும் சொல்லியாக வேண்டும்.

ராஜலட்சுமியை எனக்குக் காட்டியதே நீங்கள். திருவையாற்றில் ஆராதனைக்குப் போய்விட்டுக் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து, "இந்த ஊர்ப் பொண்ணுதான் முதல்ல பேசுற படத்துல பாடுனா" என்றீர்கள். உங்கள் பாட்டி, அவர் நடித்த 'வள்ளி திருமணம்' படம் பார்த்துவிட்டு வந்து பாடியதாகச் சொல்லி வள்ளி பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினீர்கள். அப்புறம் நான் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். எதை எடுத்தாலும் முதலில் அந்த ஒரு வரி இருக்கும்: சிறு வயதிலேயே கல்யாணம், வரதட்சணை பாக்கிக்காகப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வரியில் அப்பா இறந்து, அம்மாவோடு திருச்சிக்குப் போய், சாமண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிடுவார். இந்த இரண்டு வரிக்கு நடுவில் ஒரு சின்னப் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். கதவைத் திறந்தது யார்? அவளிடம் முதலில் என்ன கேட்டார்கள்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

படத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால் படமும் இல்லை. மைக் இல்லாத கொட்டகையில், ஆர்மோனியத்துக்கு மேலே கடைசி வரிசை வரை கேட்கப் பாட வேண்டிய காலத்தில் பாடியவர் அவர். அந்தக் குரலை வைத்துக்கொண்டு 1929இல் 'கோவலன்' என்ற மௌனப் படத்தில் நடித்தார். உதடு அசையும், எழுத்து அட்டை வரும், அவ்வளவுதான். அந்தச் சுருளும் போய்விட்டது. தெற்கே எடுத்த மௌனப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' தவிர வேறெதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. 'காளிதாஸ்' படத்தில் கதாநாயகன் தெலுங்கில் பேச இவர் தமிழில் பேசினாராம், காளிதாசன் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டினத்தைப் பற்றிப் பாடினாராம். எல்லாம் கேள்விப்பட்டதுதான். அந்தப் படமும் இல்லை. நைட்ரேட் சுருள், நல்ல இடத்தில் வைக்காவிட்டால் தானே உதிர்ந்து பொடியாகிவிடும்.

அந்த ஓட்டையை உங்களை வைத்து அடைத்தேன். அதுதான் நான் செய்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஒத்திகைக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். "நீ பண்ணு தங்கம், நான் வந்து பாத்துக்கிறேன்" என்றீர்கள். எனக்குப் பதினாறு வயதில், மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டே, பாட்டியிடமோ அப்பாவிடமோ சொல்லாததை என்னிடம் சொன்னீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்னிடம் சொன்னீர்கள்? அவ்வளவு பாரத்தை அந்த வயதில் என்மேல் இறக்கிவிட்டு, நான் அதைக் கீழே போட்டதும் மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருப்பது என்ன நியாயம்? உங்களைத் திருப்பி அனுப்பியவர்களோடு நல்லது கெட்டதில் நின்று பேசுகிறீர்கள், நானே பார்த்திருக்கிறேன். என்னோடுதான் பேச மாட்டீர்கள்.

சரி, அதை எழுதியிருக்கக் கூடாது. அழிக்கவும் மனம் வரவில்லை.

எனக்குப் புத்தி வந்தது 'மிஸ் கமலா'வைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான். 1936இல் ராஜலட்சுமி தான் எழுதிய 'கமலவல்லி' நாவலைத் தானே படமாக்கினார், தானே நடித்தார், தானே இயக்கினார். தென்னிந்தியாவில் ஒரு பெண் படம் இயக்கியது அதுதான் முதல் தடவை. மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். எத்தனையோ மேடையில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்தது அவர்தான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை. உங்கள் விஷயத்தில் அந்த முடிவை நான் எடுத்துவிட்டேன்.

ஜனவரியில் நாடகத்தை மறுபடி போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் ஒத்துக்கொண்டேன். அந்தக் காட்சி இருக்காது. பெண் வெறுங்கையோடு வருவாள், கதவு திறக்கும், விளக்கை அணைத்துவிடுவோம். நடிக்கிற பெண்ணுக்கு வருத்தம்தான், கைதட்டல் வாங்கிய இடம் அது. எனக்கும் வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்த காட்சி.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. அந்த வள்ளி பாட்டை முடிவில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். முதல் அடி நினைவிருக்கிறது, இரண்டாவது அடி வரவில்லை. அது உங்கள் பாட்டியின் பாட்டு, அதனால் கேட்டுக்கொண்டு வைக்கிறேன். வைக்கலாம் என்றால் அந்த அடியை அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அதையும் சொல்லி அனுப்புங்கள்.